பானை படித்த செலவு

களிமண்ணைப் பிசைந்து பானையாக்கக் கற்றுக்கொள்ள மாதம் மூன்று ரூபாய் என்று வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசாணி சொன்னபோது, மலிவுதான் என்று நினைத்த முதல் முட்டாள் நான். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸில் அப்போது நான் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. தேயிலை விலை விழுந்து, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். மூன்று ரூபாய் என்றால் மலையில் ஓர் ஆணுக்கு ஆறு நாள் சம்பளம். அந்தச் சம்பளக் கணக்கை எழுதுகிறவனே நான்தான். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

துரைசாணி சீமைக்கு விடுமுறையில் போனவர், மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார். வந்த கையோடு எங்களையும் உயர்த்திவிடுவது என்று முடிவு செய்து, பங்களாவின் பழைய குதிரைக் கொட்டகையில் சனிக்கிழமை வகுப்பு வைத்தார். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று ஒரு தாள் வந்தது. துரை அதை என் மேசையில் வைத்து, "முதல் கையெழுத்து உம்முடையது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்" என்றார். இப்படியாக எனக்குக் கலையார்வம் பிறந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சருக்கும் அதே வாரம் பிறந்தது.

மூன்று ரூபாய் வாசற்படி மட்டும்தான் என்பது உள்ளே போன பிறகு தெரிந்தது. மண்ணுக்குத் தனிக் காசு. கால் வைத்த இடமெல்லாம் மண்ணாகக் கிடக்கிற மலையில், எங்கள் மண் கீழ்நாட்டிலிருந்து ரயிலேறி ஹட்டனில் இறங்கி, மாட்டு வண்டியில் மேலே வந்தது. முன்னால் கட்டிக்கொள்ளும் துணிக்குக் காசு. சூளைக்குப் பானை ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு. பானை வெடித்தாலும் அதே காசு. விறகு எரிந்தது எரிந்ததுதானே என்பது துரைசாணியின் நியாயம். புதிதாகப் படிக்கிறவன் செய்ததில் நாலுக்கு மூன்று வெடிக்கும். அதிலும் எங்கள் மலையின் மூட்டத்தில் பச்சைப் பானை பத்து நாளானாலும் காயாது. ஈரம் உள்ளே இருக்க, சூளையில் வைத்தால் பட்டாசுதான்.

வெடிக்காமல் தப்பிய என் முதல் படைப்பு ஒரு பூச்சாடி. டிஸ்பென்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா இப்படி இருக்குங்க?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் காசைச் சூளையில் போட்ட பிறகுதான் அந்தப் புத்திசாலி யோசனை வந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், பறித்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். கீழே அடுப்பிலிருந்து சூட்டுக் காற்று அங்கே ஏறி வரும். தோட்டம் முழுவதிலும் எப்போதும் உலர்ந்திருக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே கொழுந்து பரப்புகிறவர் என் வயதுக்காரர், நாக்கில் கூச்சமில்லாதவர். அன்று அவரை "நீ" என்றுதான் பேசினேன். இப்போது "அவர்" என்று எழுதுவது செலவில்லாத மரியாதை.

மூன்று பச்சைப் பானைகளோடு ஏறிப் போனேன்.

"கிளாக்கரையா, இதென்னங்க, பொங்கலுக்கு முன்கூட்டியே வந்துட்டீங்க?"

"தட்டுக்கு மேலே அந்தப் பலகையில வை. ரெண்டு நாள் காயட்டும்."

"வேணாங்க ஐயா. கொழுந்து பக்கத்துல ஒரு வெங்காயம் இருந்தாக்கூட வாசனையை இழுத்துக்கும். நான் பீடிகூட கீழ எறங்கிப் போய்த்தான் குடிக்கிறேன்."

"மண்ணுக்கு என்னப்பா வாசனை?"

"காயக் காயப் பொடி உதிருமுங்க. உதிர்ந்தா எங்க விழும்? என் தட்டுலதான் விழும்."

"ஆபீஸ் சொல்லுது, வை."

வைத்தார். இருபது வருஷம் தேயிலைக் கடிதம் எழுதியவன் நான்; கொழுந்து எதையும் இழுத்துக்கொள்ளும் என்று அதற்குள் நூறு தடவையாவது எழுதியிருப்பேன். சூளைக் காசு மிச்சமாகும் என்றதும் அத்தனையும் மறந்துபோயிற்று.

அந்த வாரம் என் பானை ஒன்றுகூட வெடிக்கவில்லை. எப்படி என்று துரைசாணி கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வகுப்பில் முதல்முறையாக ஒருவர் என்னைப் பாராட்டுகிறார், மூடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வாராவாரம் என் புதுப் பானைகள் மூன்றோடு துரைசாணியின் பெரிய ஜாடிகள் ஆறும் மேல்மாடிக்கு ஏறின.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து, தேயிலையை ருசி பார்க்கிறவர்களின் கடிதம் வந்தது. உறையைப் பிரித்தவன் நான்தான். தேயிலையில் மண் வாடை, வாயில் நறநறப்பு. துரை படித்துவிட்டு நேரே மேல்மாடிக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பலகை மீது அந்த வாரத்து ஒன்பதும் வரிசையாக நின்றன. ஜாடிகளின் கழுத்தில் துரைசாணி தம் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்திருந்தார். துரை அந்த எழுத்தை நன்றாகவே பார்த்தார். பிறகு கொழுந்து பரப்புகிறவர் பக்கம் திரும்பினார்.

"நீ மாடி கூட்டறது இல்லே?"

அவர் என்னைப் பார்த்தார். "கிளாக்கரையா..." என்றார். அவ்வளவுதான் சொன்னார், மீதியை நான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் என் பானைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் அவை ரொம்பவும் கோணலாகத் தெரிந்தன.

ஆபீஸுக்கு வந்ததும் துரை உத்தரவு போட்டார்: கவனக்குறைவு என்று காரணம் எழுதி, கொழுந்து பரப்புகிறவருக்கு வேலையை விட்டு அனுப்பும் சீட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் சொல்லோடு சீட்டு வாங்கிப் போகிறவரை வேறெந்தத் தோட்டமும் ஏறெடுத்துப் பார்க்காது. அவர் பெயரை வெட்டினால், மலையில் கொழுந்து பறிக்கும் மனைவி பெயரும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். மூன்று பிள்ளைகளோடு கப்பலேறி, இந்தியாவில் பார்த்தே இராத சொந்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "துரை, அதில் மூன்று என்னுடையவை. நான்தான் வைக்கச் சொன்னேன்."

"எதில் மூன்று?"

"மேல்மாடிப் பானைகளில்."

"மேல்மாடியில் பானை எதுவும் இல்லையே" என்றார், குரலை உயர்த்தாமல்.

ஏறிப் போய்ப் பார்த்தேன். பலகை துடைத்து வைத்திருந்தது. என்னுடைய மூன்றையும் சேர்த்தே பங்களாவுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் தொழிற்சாலையையே உடைத்துப்போடலாம் போலிருந்தது. உடைக்கவில்லை. படித்தவனுடைய கோபம் மேசைக்குத்தான் போகும். போய் உட்கார்ந்து சீட்டை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று எழுதாமல், தன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறார் என்று எழுதி, மற்றக் கடிதங்களுக்கு நடுவில் செருகினேன். துரை டென்னிஸ் ஆடப் போகிற அவசரத்தில் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். ஏதோ பெரிய வீரச்செயல் புரிந்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

சீட்டை லயத்துக்கு நானே கொண்டுபோனேன். அவர் மனைவி பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"படிச்சுக் காட்டுங்க" என்றார் கொழுந்து பரப்பியவர்.

படித்தேன்.

"நானாவா கேட்டேன்?"

"வட்டவளைத் தோட்டத்துல ஆள் எடுக்கிறாங்களாம். இப்படி இருந்தாத்தான் சேர்த்துக்குவாங்க."

"அங்க எதுக்கு வந்தேன்னு கேட்டா?"

"நானா வந்தேன்னு சொல்லு."

"பன்னெண்டு வருஷம் அந்த மாடியில ஒரு பீடி பத்த வச்சதில்லீங்க. நானா வந்தேன்னு சொல்லணுமா?"

நான் காகிதத்தை நீட்டினேன்.

"உங்க பேரு எங்கயாச்சும் இருக்குங்களா, அந்தத் தாள்ல?"

இல்லை என்றேன். காகிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். ஐயா என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

வட்டவளையில் சேர்த்துக்கொண்டார்கள். மாடி வேலைக்கு அல்ல. மழையில் நின்று செடி வெட்டும் கவ்வாத்துக்கு. சில மாதங்கள் கழித்து ஹட்டன் கடைவீதியில் எதிரே வந்தார், தோளில் அரிசி மூட்டை. கிளாக்கரைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும் என்பது மலையில் சட்டம் மாதிரி. அவர் அவிழ்க்கவில்லை. நான்தான் வழிவிட்டு, சாக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன்.