குஞ்சு காத்த விரால்

என் மகளுக்கு இரண்டாவது முறை தையல் போட்ட அன்றுதான் விராலுக்குப் போவது என்று முடிவெடுத்தேன். வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு புண் சீழ் வைத்து வாய் திறந்துகொண்டது. மறுபடியும் மருத்துவமனை, மறுபடியும் ஊசி. கட்டிலில் சுருண்டு கிடந்தவள் சுவரைப் பார்த்தபடியே, "நான் இல்லன்னா புள்ளைக்கு யாரும்மா?" என்று கேட்டாள்.

"வாய மூடு. கண்டதையும் பேசாத" என்று திட்டினேன். திட்டிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மருமகன் லோரி ஓட்டுகிறவர், பாதி வாரம் ஜொகூர் பக்கம் இருப்பார். பிள்ளையைப் பகலில் அவருடைய அக்கா வந்து பார்த்துக்கொண்டார். எனக்கு இருந்த லீவெல்லாம் தீர்ந்துபோய், ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்குத் திரும்பியிருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. ஐம்பத்தாறு வயதுக் காலுக்கு அது தெரியாமலா போகும்?

இந்த நாட்டில் உடம்பில் கத்தி பட்டுவிட்டால் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பேதமில்லாமல் எல்லோரும் சொல்லும் மருந்து விரால் சூப்தான். கடையில் ஹாருவான் என்று கேட்க வேண்டும். புண்ணை உள்ளிருந்து ஆற்றும் என்பார்கள். தாதியோ, "முட்டை, கோழி, மீன் எதுவா இருந்தாலும் பரவால்ல ஆன்டி, நல்லாச் சாப்பிடட்டும்" என்றாள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தம்பி போனில் சொன்னான். "பாசார்ல தொட்டியில உசுரோட விக்கிறான் கா. ஒன்ன வாங்கிப் போட்டுக் குடு லா."

"அது தீவனம் தின்னு வளந்த மீனுடா. அதுல என்ன சத்து இருக்கு? கொளத்து மீனுதான் புண்ண ஆத்தும்."

"உனக்கு யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும்."

"ஆமா, நீ புடிச்ச முயலுக்கு என்னைக்கும் மூணு காலுதான்" என்றான். எனக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கே தெரியாது. மகள் அப்படிக் கேட்ட பிறகு என்னால் செய்ய முடிந்த ஏதாவது ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது தூண்டில் போடுவது ஒன்றுதான்.

நாங்கள் போகும் இடம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம். குட்டை என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, மழைநாளில் மறுகரை தெரியாது. அங்கிருக்கும் குட்டைகளில் வடக்கே இருப்பதும் பெரியதும் அதுதான். பத்தாங் காலியிலிருந்து நான் மோட்டார் சைக்கிளில் வருவேன். புக்கிட் ரோத்தானிலிருந்து தம்பி காரில் வருவான். சீனப் பெருநாள் முடிந்து, வெயில் காய்ந்து, பங்குனியில் முதல் மழை இறங்கியதும் அங்கே விரால் கரையோரம் ஏறும். என்னோடு வேலை செய்கிறவர்கள், "ஞாயித்துக்கிழமைல கோயிலுக்குப் போகாம தூண்டிலத் தூக்கிட்டுப் போறியே" என்று கேலி செய்வார்கள். அங்கே யாரும் என்னிடம் பேச மாட்டார்கள், அதனால்தான் போகிறேன் என்பேன்.

சனிக்கிழமை மகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று எனக்கு இரவு ஷிப்ட். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேராகக் குட்டைக்குப் போய்விட்டேன். தம்பியும் வந்திருந்தான்.

பதினொரு மணிவரை ஒன்றும் கடிக்கவில்லை. முதல்நாள் மழையில் நனைந்த மண் காலைக் கவ்வியது. வெயில் ஏற ஏறக் கண் சொருகியது. தூண்டிலைப் பிடித்தபடியே நின்றுகொண்டு தூங்கினேன். தம்பி தேநீரை நீட்டி, "போதும் கா. வீட்டுக்குப் போய்ப் படு" என்றான். எரிந்து விழுந்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவனிடம் ஒரு நல்ல குணம்.

பிறகு அவன்தான் முதலில் பார்த்தான். கோரைப் புல்லுக்கு அப்பால், தண்ணீரின் மேல் முறத்தளவுக்கு ஆரஞ்சு நிறம். அந்த நிறம் கொதிப்பதுபோல் அசைந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். பிறந்த புதிதில் அந்த நிறத்தில்தான் இருக்கும். கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போகும். அடியில் தாய் நிற்கும்.

"அக்கா, தவளையப் போடு. குஞ்சு நடுவுல போடு. கட்டாயம் அடிக்கும்."

குஞ்சோடு இருக்கும் விராலை நான் அதுவரை தொட்டதில்லை. பெரிய தர்மம் ஒன்றுமில்லை. பசி இல்லாமல், பிள்ளைக்குப் பயந்து கடிக்கிற மீன் அது. அதைப் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம் என்ற திமிர்தான். அன்று திமிர் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ரப்பர் தவளையை வீசினேன். ஆரஞ்சின் நடுவில் போய் விழுந்தது.

தண்ணீர் வெடித்தது. தூண்டில் வளைந்தது. இரண்டு கிலோ இருக்கும். கோரைக்குள் இழுத்துக்கொண்டு போகாமல், குஞ்சுகள் இருந்த பக்கமே திரும்பத் திரும்ப ஓடியது. அதனால்தான் சுலபமாகக் கரைக்கு வந்தது. தம்பி அதைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினான்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து வேறு மீன்கள் வந்து பளிச் பளிச்சென்று மின்னின. ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சில் ஓர் ஓட்டை விழுந்தது. அவை மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்து அதே இடத்தில் சுற்றின.

"இதுக்கு ஜோடி ஒன்னு இருக்கும் கா. அது பாத்துக்கும்" என்றான் தம்பி.

இருக்கிறதா என்று நான் நின்று பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப் போட்டு சூப் வைத்தேன். நான்கு நாளாகக் கஞ்சியைக்கூட ஒதுக்கியவள் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். செவ்வாய்க்கிழமை தானாக எழுந்து உட்கார்ந்தாள். வியாழக்கிழமை கட்டு மாற்றும்போது புண் காய்கிறது என்றார்கள். அன்று சாயங்காலம் யாரையும் கூப்பிடாமல் பிள்ளையைத் தூக்கினாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. தம்பிக்குப் போன் போட்டு, "பாத்தியா? கொளத்து மீனுன்னு சொன்னேன்ல?" என்று பெருமையடித்தேன்.

"அந்த மீன் இன்னொன்னு கெடைக்குமாம்மா?" என்று மகள் கேட்டாள். கிடைக்கும் என்றேன்.

அடுத்த ஞாயிறும் அதே கோரை, அதே கரை. மதியம்வரை நின்றோம். ஆரஞ்சு எங்கேயும் தெரியவில்லை. "வளந்து வேற பக்கம் போயிருக்கும் கா" என்றான் தம்பி. ஒரு வாரத்திலா? அன்று நான் தூண்டிலைப் பிரிக்கவே இல்லை.

பாசார் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். தொட்டி மீன் ஒன்றைக் கடைக்காரச் சீனர் பிடித்து வெட்டிக் கொடுத்தார். வீட்டில் கடைப் பையைக் குப்பைக்கு அடியில் ஒளித்துவிட்டு, அதே இஞ்சி, அதே மிளகு போட்டு சூப் வைத்தேன்.

மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே ஒரு கையால் குடித்தாள். பாதிக் கிண்ணத்தில் நிறுத்தி, "போன வாரத்து மாதிரியேதாம்மா இருக்கு" என்றாள்.

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி கையிலேயே நின்றது. தொட்டி மீனுக்கும் குளத்து மீனுக்கும் அவள் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் புண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்குமா?

"ராத்திரியெல்லாம் வேல செஞ்சிட்டு அங்க போய் நிக்கிறியேம்மா" என்றாள். "நீ இல்லன்னா எங்களுக்கு யாரும்மா?"

"வாய மூடிக்கிட்டுக் குடி" என்றேன்.