அழுத்தாமல் காத்திருந்த விரல்கள்

அக்கா போனில் பேச ஆரம்பித்தால் தேக்கா சந்தையில் மீன் வாங்குகிறவர்களுக்கும் கேட்கும் என்று அத்தான் சொல்வார். அத்தானுக்கு மிகைப்படுத்தத் தெரியாது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருவரும் மணவறை வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற அலங்கார மண்டபம், அதன் தூண்கள், குத்துவிளக்கு, சீர்த்தட்டு எல்லாம் அங்கே கிடைக்கும். புக்கிங் முழுக்கத் தொலைபேசியில்தான் நடந்து வந்தது. அதாவது, அக்காவின் தொண்டையில்.

அந்தத் தொண்டை ஒரு நாள் கட்டிக்கொண்டது. இருமல் மருந்தும் சுக்குத் தண்ணீரும் தோற்ற பிறகு ஒரு நிபுணரிடம் போனோம். குரல் நாணில் சின்ன முடிச்சு ஒன்று வளர்ந்திருப்பதாகச் சொன்ன மருத்துவர், சில மாதங்களுக்குப் பேச்சைக் குறைக்கச் சொன்னார். குறைப்பது என்றால் ஏறக்குறைய நிறுத்துவது. முடிச்சு சுருங்கினால் நல்லது. சுருங்காவிட்டால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பேச்சு வந்துவிடும், பாட்டுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றார். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அக்கா, பாட்டு என்ற சொல் வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் கேலாங் சிவன் கோயிலில் அவள் பதிகம் பாடுவாள். வாரம் முழுக்க அவள் போடும் சத்தமெல்லாம் அந்தச் சிறிது நேரத்துக்கான ஒத்திகைதானோ என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

போனை அத்தானிடம் கொடுத்துவிடலாம்தான். ஆனால் அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மணவறையை இரண்டு குடும்பங்களுக்கும் "சரிங்க, செஞ்சிடலாம் லா" என்று கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வருவார். மீதியை அக்கா கத்தித் தீர்க்க வேண்டும். அவள் கத்தக் கூடாது என்பதுதான் இப்போது பிரச்சினையே.

நான் வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கிறவன். "ஒரு வெப்சைட் செஞ்சு தர்றேன்க்கா, நீ வாயே திறக்க வேணாம்" என்றேன். நாற்பது வருடங்களாகச் சொல்ல நினைத்த வாக்கியத்தை நல்லெண்ணத்தோடு சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம் எனக்குள் இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கா முறைத்தாள். பேச்சு நின்ற பிறகு அவளுடைய முறைப்பு நன்றாகத் தேறியிருந்தது.

என் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். பெடோக்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தானுக்குச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சர்வரில் நடக்கிறது. வாசலுக்கு வருகிறவர் என்ன கேட்கிறார் என்று பார்த்து உரிய ஆளிடம் அனுப்பும் ஒரு பகுதி. கிடங்கில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பகுதி. பதிலை லட்சணமாக உடுத்தி வெளியே அனுப்பும் ஒரு பகுதி. இதையெல்லாம் தினமும் புதிதாக எழுதக் கூடாது என்பதற்காக யாரோ முன்பே கட்டிக் கொடுத்த சட்டகம்தான் ஃபிரேம்வொர்க்.

"அப்போ இது நம்ம கடைதானே?" என்றார் அத்தான். இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

ஒழுங்காகத்தான் செய்தேன். பிரவுசர் சொல்வதை நம்பாமல் ஒவ்வொரு தேதியையும் சர்வரில் மறுபடியும் சரிபார்த்தேன். புக்கிங் பதிவானதும் ஆளை வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். இல்லாவிட்டால் யாராவது பக்கத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு கல்யாணம் இரண்டாகப் பதிவாகும். மணவறை காலியா என்று பார்ப்பதும் அதை எடுத்துவைப்பதும் ஒரே மூச்சில் நடக்கும்படி பூட்டு வைத்தேன், அத்தானின் நல்ல மனசு டேட்டாபேஸுக்கு வந்துவிடாமல் இருக்க. அலுவலகத்தில் பாதுகாப்பு பற்றி உபதேசம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் ஆதலால், கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாமல் விட்டால் பக்கம் காலாவதியாகும்படியும் வைத்தேன். அதில் எனக்குத் தனிப் பெருமை.

அறிவிப்புகளை எழுதும் பொறுப்பை மட்டும் அக்கா பிடுங்கிக்கொண்டாள். ‘தேதி செல்லாது’ என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, தன் போனில் தட்டி எனக்கு அனுப்பினாள்: ‘நீங்க போட்ட தேதி போன மாசமே போயிடுச்சு. கல்யாணம் எப்போன்னு பொண்ணு வீட்டுல கேட்டுட்டு வாங்க.’ அதையே வைத்தேன். நன்றி சொல்லும் பக்கத்தில், ‘பதிவு ஆயிடுச்சு. இனி நிம்மதியா சாப்பிட்டுப் படுங்க’ என்று வந்தது.

தளத்தை ஒரு வெள்ளிக்கிழமை காலை திறப்பதாக ஏற்பாடு. எல்லாம் தயார், ஒரே ஒரு கட்டளை பாக்கி. நான் விரலை வைக்கப் போகும்போது அக்கா பலமாகக் கைதட்டினாள். சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். ராகு காலம்.

"கம்ப்யூட்டருக்கெல்லாம் ராகு காலம் கிடையாதுக்கா."

லேப்டாப்பை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பேசாத பெண்ணிடம் வாதம் செய்ய முடியாது. மூடநம்பிக்கையைப் பற்றி அத்தானுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றியபடி, தேநீர் குடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அழுத்தினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் வாரமே போன் அடிக்கத் தொடங்கியது. "எல்லாத்தையும் ஃபில் பண்ணிட்டேன், பக்கம் எக்ஸ்பயர்ட்னு வருது. டைப் பண்ணது பூரா போச்சு!" அத்தான் எடுத்து, "சரிங்க, செஞ்சிடலாம்" என்பார். அக்கா பாய்ந்து போனைப் பிடுங்குவாள். அவர்களோடு பேசிப் புக்கிங் எடுத்து முடிப்பதற்குள் அவள் குரல் தகரத்தைத் தேய்ப்பதுபோல் ஆகிவிடும். என் நிரல் ஒவ்வொரு முறை தவறும்போதும் அவள் தொண்டைதான் அதற்கு விலை கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்கு வந்து, பாடுகிறவர்களோடு உட்காராமல் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

பிழைப் பதிவுகளைத் தோண்டினேன். திங்கட்கிழமை காலையில் பிழை, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிழை, வெள்ளிக்கிழமை மதியத்தை ஒட்டிப் பிழை. நாளுக்கு ஒரு நேரம். நான் சோதித்துப் பார்த்தால் எதுவும் தவறுவதில்லை. சர்வரில் அந்த நேரங்களில் வேறு ஏதோ வேலை ஓடுகிறது என்று நினைத்து, அதை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்துக்கு நீளமாகப் புகார் எழுதினேன். அவர்கள் பொறுமையாக, எங்கள் பக்கம் எல்லாம் நலம் என்று பதில் போட்டார்கள். நான் நம்பவில்லை. நினைவகத்தைக் கூட்டினேன். டேட்டாபேஸை வேறு இடத்துக்கு மாற்றினேன். பிற்பகல் வெயிலில் சர்வர் சூடாகிறதோ என்று அத்தான் கேட்டார். சிரித்தேன். அவர் போன பிறகு அதையும் பார்த்தேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கே போய் உட்கார்ந்தேன். போன் வந்தால் நானே எடுப்பதாகத் திட்டம். பதினொரு மணி வாக்கில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஓர் அம்மா வந்தார். அத்தான் அவருக்கு உதவி செய்து, அவருடைய போனிலேயே என் தளத்தைத் திறந்து, பெயர், தேதி, மண்டபம், எந்த மணவறை என்று எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தார். கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி. அந்த அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அத்தான் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் விலைவாசி பேசினார்கள்.

"ஏம்மா, அழுத்தலாமே?" என்றேன்.

"ராகு காலம் தம்பி. பன்னெண்டு ஆகட்டும். நல்ல காரியம் பாருங்க."

நாற்காலியைத் திருப்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை பிற்பகல். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன். என் பிழைப் பதிவு அங்கே சிவப்பு மையில் அச்சாகி, அடியில் ஒரு மளிகைக் கடை விளம்பரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டானதும் அந்த அம்மா சாமியை நினைத்துக்கொண்டு அழுத்தினார். பக்கம் காலாவதியாகிவிட்டது. "பார்த்தீங்களா, எப்பவும் இப்படித்தான்னு சொல்றாங்க" என்றார். உள்ளேயிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா சத்தமே வராமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, எதிரே ஒருவன் சொற்பொழிவு ஆற்றியபடி தேநீர் குடிப்பதுபோல் நடித்துக் காட்டினாள். அந்த ஒருவன் யார் என்று அத்தானுக்கும் புரிந்துவிட்டது.

அன்று மாலையே உட்கார்ந்து திருத்தினேன். ஒருவர் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பும்போதே அதைச் சர்வரில் வரைவாகச் சேமித்தேன். பக்கம் திறந்திருக்கும்வரை அது சத்தமில்லாமல் சர்வரைத் தொட்டு, ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்படி செய்தேன். அதையும் மீறிக் காலாவதியானால், நிரப்பியது நிரப்பியபடியே திரும்பி வரும். ராகு காலம் முடிந்த நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாக அழுத்துவார்கள் என்பதால், ஒரே மணவறைக்கு இரண்டு குடும்பங்கள் மோதினால் பிந்தியவருக்குக் காட்ட ஓர் அறிவிப்பு வேண்டியிருந்தது. அக்கா எழுதி அனுப்பினாள்: ‘அய்யோ, இப்பத்தான் வேற வீட்டுல எடுத்துட்டாங்க. பக்கத்துலயே அதைவிட அழகா ஒண்ணு இருக்கு, வாங்க காட்டறேன்.’ படித்தபோது அவள் குரலிலேயே கேட்டது. அந்தக் குரலை நான் எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை என்பதும் உறைத்தது.

போன் அடங்கியது. அத்தானுக்குத்தான் கொஞ்சம் போரடித்தது.

மறு பரிசோதனைக்கு நாள் வாங்க வேண்டிய நேரம் வந்தது. முடிச்சு சுருங்கியதா, கத்தி வைக்க வேண்டுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். கிளினிக்கின் இணையப் பக்கத்தில் நானே பதிந்துவிடுவதாகச் சொன்னேன். ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் என் மேசையில் உட்கார்ந்து, அக்காவின் விவரங்களையும் மருந்துகளையும் பழைய அறிக்கைகளையும் வரிசையாக நிரப்பினேன். கடைசிப் பொத்தானில் அம்புக்குறியை வைத்தேன். திரையின் மூலையில் மணியைப் பார்த்தேன். மூன்று தாண்டியிருந்தது.

அழுத்தவில்லை.

எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ஆனால் அழுத்திவிட்டு, பிறகு ஏதாவது ஆனால், நான் அழுத்திய நேரம் என் தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பயமாக இருந்தது. அவ்வளவுதான். வேறு வேலை எதுவும் ஓடாமல் நாலரை வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை தாண்டியதும் அழுத்தினேன்.

பக்கம் காலாவதியாகிவிட்டது. நிரப்பியது பூரா போச்சு. அதை எழுதியவர் யாரோ, நிச்சயமாக நம் ஆள் இல்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தட்டினேன்.

பரிசோதனை நாளில் மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்து, திரையில் எங்களுக்கும் காட்டினார். முடிச்சு கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. அறுவை சிகிச்சை வேண்டாம். பேசலாம், மெதுவாகப் பாடவும் தொடங்கலாம். வெளியே நடையில் வந்ததும் அக்கா தொண்டையைக் கனைத்தாள். குரல் கொஞ்சம் தணிந்து, கரகரப்பில்லாமல் வந்தது.

"அப்பாயின்ட்மென்ட்டை என்னைக்குப் பதிஞ்சே?"

"செவ்வாய்க்கிழமை."

"பிற்பகல்தானே உனக்கு நேரம் கிடைக்கும்? மூணு மணிக்கா பதிஞ்சே?" முகத்தில் கவலை.

"மூணு மணிக்கு ஃபில் பண்ணேன்" என்றேன். "நாலரைக்கு அப்புறம்தான் அழுத்தினேன்."

அக்கா நின்றாள். மாதக்கணக்காகச் சேர்த்து வைத்த கிண்டல் எல்லாம் அவளிடம் இருந்தது. பேசுவதற்கு மருத்துவரே அனுமதி கொடுத்திருந்தார். நான் தயாராகத்தான் நின்றேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.