பதினொரு சிவப்பு வரிகள்

காலை ஆறு ஐம்பது. திரையில் முதலில் கண்ணில் பட்டவை பதினொரு சிவப்பு வரிகள். அவற்றுக்குக் கீழே ஒன்பது பச்சை. சிவப்பு என்றால் இரவு ஓடாமல் நின்றவை, பச்சை என்றால் சரியாக முடிந்தவை. சிவப்பு என்னுடையவை, பச்சை என்னோடு வேலை பார்த்த அவளுடையவை.

ஒரு நாளிதழின் புதுச்சேரி அலுவலகத்தில் செய்திப் பிரிவிலிருந்து கணினிப் பிரிவுக்கு மாறியிருந்தேன். விடியலில் பக்கங்களைத் தானாக நகலெடுத்துச் சேமிக்கும் சிறு நிரல்களை, ஸ்கிரிப்டுகளை, நாங்கள் இருவரும் எழுதினோம். அவள் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள். முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். சர்வர் பொறுப்பு யாருக்கு என்பது அந்த வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாக இருந்தது.

முந்தின மாலை சேமிப்பு சர்வரின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். அவளுடைய ஸ்கிரிப்டுகள் அதைப் பூட்டிய ஒரு கோப்பிலிருந்து ஓடும்போது எடுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் மாற்றிவிட்டுப் போய்விட்டாள். நான் பதினொரு ஸ்கிரிப்டுக்குள்ளும் நேராக எழுதி வைத்திருந்தேன். மாற்ற மறந்துபோனேன்; பழைய பாஸ்வேர்டோடு ஓடிய பதினொன்றும் நின்றுபோயின.

மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார். "என்னய்யா, அந்தப் பொண்ணுகிட்ட டியூஷன் போயேன். எனக்கும் ஒரு எடம் சொல்லி வை."

சிரித்து வைத்தேன். அவள் டீக்குப் போனதும், தேடும் கமாண்டில் புதிய பாஸ்வேர்டை முழுதாகத் தட்டி, அவள் கோப்புகளில் தேடினேன். எங்காவது ஒரு இடத்தில் அவளும் அதை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். என் ஸ்கிரிப்டுகளைத் திருத்துவதற்கு முன்பே இதைச் செய்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

அவள் திரும்பி வந்து, திரையில் கடைசியாகத் தட்டிய கமாண்டுகளைப் பார்த்தாள்.

"சார், நாம எல்லாரும் ஒரே லாகின்லதான இருக்கோம்? தட்டுன கமாண்ட் எல்லாம் ஹிஸ்டரில நிக்கும். புது பாஸ்வேர்ட் அப்படியே கெடக்குது."

"சும்மா ஒரு செக் பண்ணேன்."

"என் ஃபோல்டர்லதான பண்ணீங்க. ஏதாச்சும் கெடச்சுதா?"

மேலாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஹிஸ்டரியிலிருந்து அந்தக் கமாண்டை அழித்தாள், பாஸ்வேர்டை மறுபடி மாற்றினாள்.

மறுநாள் காலை இருபது வரிகளும் பச்சை. என் ஸ்கிரிப்டுகளைத் திறந்தேன். பதினொன்றும் இப்போது பாஸ்வேர்டை அந்தப் பூட்டிய கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டன; அவள்தான் திருத்தியிருந்தாள். தலைப்பில், எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரை விட்டுவைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சர்வர் அறைச் சாவியை அவளிடம் கொடுத்தார்கள்.