இருக்கணுமா, போகணுமா

எங்கள் குடியிருப்பில் படிக்கட்டுக்குக் கீழே தையல் மெஷின் போட்டிருப்பவரைத் தையலக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கணவர் போன பிறகு அந்த ஒரு மெஷினை வைத்தே மகளைக் கல்லூரி வரை கொண்டுவந்துவிட்டார். வாய் கொஞ்சம் அதிகம். பேன்ட் இடுப்பைத் தளர்த்தக் கொடுத்தால், "துணி சுருங்கலை சார், நீங்கதான் வளர்ந்துட்டீங்க" என்பார்.

மெஷின் சத்தம் அதிகம் என்று யாரோ முனகினார்கள். சங்கச் செயலாளர் உடனே வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார். 'இருக்கணும்', 'போகணும்' என்று இரண்டே பொத்தான். யார் எதை அமுக்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வந்தது வினை. அதுவரை அபிப்பிராயமே இல்லாதவர்கள்கூட, பக்கத்து வீட்டுக்காரர் எதை அமுக்கினார் என்று பார்த்துவிட்டு ஒன்றை அமுக்கினார்கள். அமுக்கிய பிறகு விட்டுக்கொடுப்பார்களா? லிஃப்டில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாக்கு சரிபாதி. நடுவில் தொங்கியது தையலக்காவின் பிழைப்பு. பேன்ட் கொடுத்தால் கிண்டல் எதுவும் இல்லை, அளவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

செயலாளரின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வலிக்குதான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதாங்க சொல்வாங்க. எவ்வளவு வலிக்குதுன்னு கேக்கணும்" என்றாள் கணவரிடம். அப்படியே கேட்டார்கள். சத்தம் எவ்வளவு தொந்தரவு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண். சீட்டில் பெயரோடு எழுதிச் செயலாளரிடம் மட்டும் கொடுத்தால் போதும்.

சீட்டுகளைப் பிரித்த செயலாளர் தலையைச் சொறிந்தார். போகணும் கட்சியில் தொண்டை கிழியக் கத்தியவர்கள்கூட ஒன்று, இரண்டுக்கு மேல் போடவில்லை. ஒரே ஒரு பத்து இருந்தது. அதைப் போட்டவர் மெஷினை ஒட்டிய சுவருக்குப் பின்னால் குடியிருக்கும் டிரைவர், ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். வாக்கெடுப்பில் அவர் அமுக்கியதோ 'இருக்கணும்'.

டிரைவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு செயலாளர் விஷயத்தைச் சொன்னதும், தையலக்கா நேரே போய் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏன் தம்பி, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க போகணும்னு நான் நினைக்கலைக்கா. கொஞ்சம் தூங்கணும்னுதான் நினைச்சேன். அதுக்குப் பொத்தான் இல்லையே."

அன்றைக்கே மெஷின் வாசல் பக்கம் போனது. டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு முனையைத் தூக்க, போகணும் கட்சிக்காரர் ஒருவர் மறுமுனையைப் பிடித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

தையலக்கா மகளுக்குப் போன் போட்டார். "ஒண்ணும் இல்லடி. இடம் மாறி உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் என்று சொல்லி முடித்த பிறகுதான் அழுதார்.