தாய்வீட்டுக்கு வந்த பெண்ணும் நர்சம்மாவின் கம்ப்யூட்டரும்

ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, மகளை முத்தாண்டிக்குப்பத்தில் அவள் புருஷன் வீட்டிலிருந்து எங்கள் ஊரான வடக்குத்துக்கு அழைத்து வந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். கூலி வேலை செய்தபோதும் சரி, அப்புறம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் அள்ளியபோதும் சரி, எங்கள் ஜனம் இதை விட்டதில்லை. என் சம்சாரத்தை அழைத்துப்போக அவள் அப்பா கட்டைவண்டி இரவல் வாங்கி வந்தார். வழியில் அச்சு முறிந்து, வளையல் குலுங்க அவள் நடந்தே போனாள். அது கிடக்கட்டும்.

ஒன்பதாம் மாதம் மகளுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தலைவலி என்று சுவரில் சாய்ந்தே கிடந்தாள். முன்பெல்லாம் ஊர் நர்சம்மா தெருத்தெருவாக வந்து விசாரிப்பார். கணக்கு ஏற்றச் சொல்லி அரசாங்கம் கம்ப்யூட்டர் கொடுத்த பிறகு அவர் தலையே தெரிவதில்லை. சண்டை போடத்தான் சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

"புள்ளைக்கு காலு வீங்கிக் கெடக்குது. நீங்க இங்க குந்திகினு டிவி பாத்துகினு இருக்கீங்களா?"

"டிவியா இருந்தா தேவலயே பெரியவரே. உங்க பொண்ணத்தான் இதுல தேடிகினு இருக்கேன். அது இன்னும் முத்தாண்டிக்குப்பத்துலதான் இருக்குதாம். அந்த ஊர் நர்சு அது பேர அங்கேர்ந்து விடணும், நான் இங்க ஏத்தணும். தாய்வூட்டுக்கு வந்த அத்தினி பொண்ணுங்களுக்கும் இதே கூத்து. நோட்டுலயும் எழுதணும், இதுலயும் ஏத்தணும்."

போன் அடித்தது. எழுந்து நின்று பேசினார். "ஏத்திகினுதான் இருக்கேங்க மேடம்... சிக்னல் இல்லீங்க..."

சுரங்கத்தில் ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும். இவருக்கு ஊத யார் இருக்கிறார்கள்?

"பொண்ணு தாய்வூட்டுக்கு வரும்னு தெரியாதவனா இத செஞ்சான்?" என்றேன்.

அவர் நோட்டை மூடிவைத்தார். "தலைவலி இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிரஷர் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆம்புலன்சை வரவழைத்து, பெரியாஸ்பத்திரி வரைக்கும் மகள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அன்றைக்கே பேரன் பிறந்தான். இரண்டு உயிரும் தப்பின.

பேரனுக்குத் தடுப்பூசி போடப் போனபோது நர்சம்மா சரியாகப் பேசவில்லை. வற்புறுத்திக் கேட்டதும் சொன்னார். ஆம்புலன்சில் வந்த அன்றைக்குக் கம்ப்யூட்டரில் எதுவும் ஏற்றவில்லை, அதனால் அவர் வேலையே செய்யவில்லையாம். மேலே இருந்து மெமோ வந்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "புள்ளையத் தூக்கிகினு நானே வந்து சொல்றேன். அவங்க எந்த ஆபீசுல இருக்காங்க?"

"வேணாங்க பெரியவரே. உங்க பேரனே இன்னும் முத்தாண்டிக்குப்பம் கணக்குலதான் இருக்கான்."

"அப்ப என் மடியில கெடக்கறது யாரு?"

அவர் ஊசியைப் போட்டார். பேரன் ஊரே கேட்கிற மாதிரி அழுதான். அந்த ஊசியையும் அன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியவில்லை.