அப்பாவின் 'பாக்கலாங்க'

எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பியால் காயில் கட்டி முடித்து, வார்னிஷ் ஊற்றிச் சூடேற்றும்போது ஒரு வாசனை வரும். இனிப்பும் கசப்புமாக மூக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ராத்திரி ரசஞ்சோறு வரைக்கும் இறங்க மறுக்கும் வாசனை. சிங்காநல்லூரில் எங்கள் அப்பா வைத்திருந்த ரீவைண்டிங் பட்டறையில் அது அடித்தால் யாரோ ஒருவருடைய மோட்டார் ரெடி என்று பொருள். அடிக்காவிட்டால் அப்பா யாரிடமோ 'பாக்கலாங்க' சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அடிக்காத நாட்களே அதிகம்.

அப்பாவுக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கட்டிய காயில் எரிந்து திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு வராதது 'முடியாது' என்ற ஒரு சொல்தான். பத்து மோட்டார் பிரிக்காமல் கிடக்கும்போது பதினோராவதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடமும் "வெச்சுட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கலாங்க" என்பார். நாளை வரும், ஆளும் வருவார், அப்பாவை மட்டும் காண முடியாது. பட்டறையின் பின்பக்கம் துளை போடும் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே, எப்படித்தான் மூச்சை அடக்கினாரோ, நின்றுகொண்டிருப்பார். "அப்பா வெளிய போயிருக்காருங்க" என்று சொல்லும் உத்தியோகம் லீவு நாட்களில் எனக்கு. சம்பளம் ஒரு தேங்காய் பன்.

அந்த உத்தியோகத்தை நான் வெறுத்தேன். வெறுக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது கதவில் குடியிருந்த சூசை அண்ணன். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒருமுறை அவருடைய பஸ்ஸில் போனபோது, படியில் காலை வைத்த ஒரு வேட்டிக்காரரை விரலால் நிறுத்தி "எடமில்லீங்க, எறங்குங்க" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் இறங்கினார், விசில் ஒலித்தது, உலகம் தொடர்ந்து சுற்றியது. எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை சுலபமா இது! அன்றிலிருந்து அப்பா எனக்குப் பெற்றவர் மட்டும்தான். வளர்ப்பு சூசை அண்ணனுடையது என்று நானாகவே தத்துப் போய்விட்டேன். அவருக்குத்தான் அது தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று விரலை நீட்டி "எடமில்லீங்க" என்று சொல்லிப் பழகினேன். குரல் உடையாத வயது, பூனை கத்துவது போலத்தான் வந்தது.

ஒரு கோடை விடுமுறையில் என் கலையை அரங்கேற்ற ஆள் கிடைத்தார். இருகூர் விவசாயி ஒருவர் நான்காவது நாளாக வந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏனுங் தம்பி, அப்பா இல்லீங்களா? தக்காளி பூராச் சுருண்டு போச்சுங் கண்ணு. இன்னைக்காச்சும் மோட்டாரு ஆயிருமா?"

நான் விரலை நீட்டினேன். "அப்பா அந்த மிஷினுக்குப் பின்னால நிக்கறாருங்க. உங்க மோட்டார இன்னும் பிரிக்கவே இல்லீங்க."

மிஷினுக்குப் பின்னாலிருந்து அப்பா, சுவர்ச் சுண்ணாம்பு பாதி முகத்தில் ஒட்டியிருக்க, மெல்ல வெளியே வந்து, "வாங்க வாங்க, டீ சாப்புடலாங்களா?" என்றார். விவசாயி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தன் மோட்டாரைத் தானே தூக்கி வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டுத் திரும்பி, "நீங்க மெதுவாப் பாருங்க. நான் வாரேனுங்க" என்றார். போய்விட்டார்.

அப்பா அடிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "பெரிய மனுசரு, நெசத்தச் சொல்லிப்போட்டீங்க. செரி. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னா அந்தாளு மனசு என்னாகுமுங்க?" என்றார். தக்காளி என்னாகும் என்று நான் கேட்கவில்லை. பன் ஞாபகம் வந்துவிட்டது. அது அன்றைக்குக் கிடைக்கவும் இல்லை.

சாயங்காலம் சூசை அண்ணனிடம் ஓடிப்போய் என் வீரத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "டேய், பின்னாடி வண்டி வருதுன்னு தெரிஞ்சாத்தான் நான் எடமில்லைம்பேன். கடைசி வண்டின்னா கூரை மேல கூட ஏத்திக்குவேன். அந்தாளு எத்தன நாளு காத்திருந்தாரு பாவம், மொதல் நாளே உங்கப்பன் சொல்லியிருந்தா வேற பட்டறை பாத்திருப்பாரல்ல?" என்றார். எனக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. விரல் நீட்டியதை மட்டும் மெச்சுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

இதையெல்லாம் என் மகள் தர்ஷினிக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் பிறக்கும் முன்பே அப்பா போய்விட்டார். ஆனாலும் மிஷினுக்குப் பின்னால் தாத்தா நின்றதை நேரில் பார்த்தவள் போல நடித்துக் காட்டுவாள். இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. அதை விட்டுவிட்டுச் சென்னையில் உடற்கல்வி படிக்க வேண்டும், கபடி பயிற்சியாளர் ஆக வேண்டும் என்கிறாள். எங்கள் குடும்பத்தில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட யாரும் ஓடியதில்லை. எங்கிருந்து வந்தது இது? பள்ளிக்கூட பி.டி. டீச்சரிடமிருந்தா, தோழிகளிடமிருந்தா? தெரிந்தால் அங்கேயே போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். "செரியா, இல்லையா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கப்பா" என்றாள். சரி என்று சொல்ல தைரியம் வரவில்லை, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பம்ப் கம்பெனி ஒன்றில் பொருள் வாங்கும் பிரிவில் இருப்பவன் நான். சரக்கு விற்க வருகிறவர்களிடம் இருபது வருடமாக நான் என்ன சொல்லி வருகிறேன் என்பது அந்த நிமிஷம்தான் என் காதிலேயே விழுந்தது. "பாக்கலாம் கண்ணு" என்றேன்.

பன்னிரண்டு நாள் பார்த்தேன். கடைசித் தேதியன்று காலையில் அவள் காகிதத்தோடு அறைக்கு வருவது தெரிந்ததும் குளியலறைக்குள் புகுந்து குழாயைத் திறந்துவிட்டேன். குளிக்கவில்லை. சட்டையோடு நின்றேன். "அப்பா குளிக்கறாரு" என்று என் மனைவி சொல்வது கேட்டது. பாவம், அவளுக்குத் தேங்காய் பன் கூடக் கிடையாது. அப்புறம் கதவுக்கு வெளியே மகளின் குரல்.

"அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்கப்பா. நீங்க மெதுவாப் பாருங்க. நான் வாரேன்."

வேண்டுமென்றேதான் இருகூர் விவசாயியின் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நான் கொடுத்ததுதானே.

பட்டறை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. லைன் வீடு இடிந்து அடுக்குமாடி வந்துவிட்டது. சூசை அண்ணன் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. வார்னிஷ் வாசனை அந்தத் தெருவைவிட்டே போய்விட்டது. நான் பாடுபட்டுப் படித்த விரலையும் வாயையும் என் மகள் கேட்ட கதையிலிருந்தே எடுத்துக்கொண்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியதுதான் என்னிடம் தங்கியிருக்கிறது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல், தெறித்த தண்ணீரில் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. "செரி கண்ணு, போயிட்டு வா" என்று உரக்கச் சொன்னேன்.

குழாயை நிறுத்த மறந்துவிட்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி அது வாசல் வரை போயிருக்காது.