தவக்காலத்தில் கொடுத்த ரத்தம்

எங்கள் மாதா கோயில் மருத்துவ முகாமின் மேல் எனக்கு வருஷக்கணக்காகக் கோபம். என் மாமா தைரியராஜிடம் என் பேச்சு எடுபடாமல் போனது அதனால்தான்.

மாமா என் அக்கா சவரிமேரியின் புருஷன். தேவனாம்பட்டினத்தில் படகு இஞ்சின் மெக்கானிக். கையில் டீசல் வாசனை போகாது, வாயில் குடல்கறி வாசனை போகாது. அவருடைய அண்ணன் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். ரத்தத்தில் கொழுப்பு என்றார்கள். அதனால் கறியைக் குறை என்று நான் கத்துவேன். முகாமில் வருஷாவருஷம் ரத்தத்தைப் பார்த்து நார்மல் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். "கொழுப்பு எனக்கில்ல மச்சான், உனக்குத்தான் ஜாஸ்தி" என்பார். அக்காவும் கூடச் சிரிக்கும்.

அவர் மகள் பெலிசியா சிதம்பரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நர்சு. அங்கே ஒரு பட்டையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அஞ்சு ரூபாய்க் காசு அகலம். மேல்கையில் ஒட்டினால், அடியில் இருக்கும் பொடி ஊசிகள் தோலுக்குள் ஊறும் நீரைத் தொட்டுப் பார்த்து, கொழுப்பு எவ்வளவு என்று போனுக்குச் சொல்லும். வலி கிடையாது. என் வாயை அடைக்க இன்னொரு சாட்சி என்று மாமா உடனே கையை நீட்டினார்.

தவக்காலம் முடியப் போகும் நேரம் அது. போனில் கொழுப்பைக் காட்டும் கோடு தரையோடு கிடந்தது. அதை என் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

ஈஸ்டர் வந்தது. பட்டையை மாற்ற மாற்றக் கோடு ஏறிக்கொண்டே போனது. டீசல் பட்டுக் கெட்டுவிட்டது என்று மாமா சாதித்தார். பெலிசியா கேட்கவில்லை. என் குட்டியானை வண்டியில் ஏற்றிச் சிதம்பரம் கொண்டுபோனேன். நரம்பில் ரத்தம் எடுத்தார்கள். பட்டை சொன்னதையே ரத்தமும் சொன்னது. இதயம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, நல்ல நேரத்தில் பிடித்தோம் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார்.

திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டியதும் மாமா கேட்டார்.

"நம்ம முகாமு எப்ப வைக்கிறாங்க?"

"குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம்."

"அப்ப நாம என்னா துன்னுக்கிட்டு இருப்போம்?"

வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்கு ஒருசந்தி நோன்பு. கறி, முட்டை, எண்ணெய்ப் பலகாரம் எதையும் தொடமாட்டோம். அந்த வயிற்றோடு போய்த்தான் ஊரே ரத்தம் கொடுத்திருக்கிறது. மாமாவுக்கு மட்டுமா? எனக்கும் நார்மல் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இப்போது காலையில் மாத்திரையைப் போட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறார். குடல்கறி எப்போதாவது, அதுவும் அக்கா கரண்டியைப் பிடித்தால்தான். கோடு இறங்க ஆரம்பித்திருக்கிறது. நேற்று இஞ்சினுக்குள் தலையை விட்டபடியே என்னைக் கூப்பிட்டார்.

"பங்குச் சாமியாருகிட்ட நீ போயி சொல்லு மச்சான். முகாம ஈஸ்டர் முடிஞ்சி, எல்லாரும் நல்லா துன்னு தீத்த பெறகு வைக்கச் சொல்லு. நான் சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாரு. உன் மூஞ்சியப் பாத்தா கேப்பாரு. அன்னிக்கு மொத ஆளா நீ கைய நீட்டு."